அழுத்தவும் வேண்டும், விடவும் வேண்டும்

தையல் எந்திரத்தில் மிகச் சுலபமாகக் கழற்றி மாட்டக்கூடிய உறுப்பு பாதம்தான். ஒரே ஒரு திருகைத் தளர்த்தினால் கையோடு வந்துவிடும். வேறொன்றை அதே இடத்தில் வைத்து முடுக்கினால் வேலை முடிந்தது. தொழிற்கூடங்களில் பிரஷர் ஃபுட் என்று அழைக்கப்படும் இந்தச் சின்ன இரும்புத் துண்டில் எத்தனையோ வகைகள் உண்டு. ஜிப் தைக்க ஒன்று, பைப்பிங் வைக்க ஒன்று, ஓரத்தை ஒட்டித் தைக்க ஒன்று, தோலுக்கென்றே அடியில் வெள்ளை டெஃப்லான் பதித்த ஒன்று என உதிரிபாகக் கடைகளில் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. மாட்டுவது இவ்வளவு சுலபம் என்பதாலேயே ஒரு தவறான எண்ணமும் வேரூன்றிவிட்டது. பாதம் ஒரு துணைக்கருவி, தண்டின் உயரமும் திருகுத் துளையும் ஒத்துப்போனால் எதையும் எதிலும் மாட்டலாம் என்ற எண்ணம்தான் அது. துணி தைக்கும்வரை இதனால் பெரிய நட்டமில்லை. தோலை வைத்ததும் குட்டு உடைந்துவிடுகிறது. ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வேலைகளை நாம் ஒரே பாதத்திடம் ஒப்படைத்திருக்கிறோம். துணி அந்த முரணைப் பொறுத்துக்கொள்ளும், தோல் பொறுக்காது. தோலுக்காகச் செய்யப்பட்ட ஒவ்வொரு சிறப்புப் பாதமும் இந்த இரு வேலைகளில் ஏதோ ஒன்றின் சுமையைப் பாதத்திடமிருந்து இறக்கி வேறோர் உறுப்பின் தலையில் வைக்கிறது. அந்த வேறோர் உறுப்பு சுமையை ஏற்கத் தயாராக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் பாதத்தைப் பொருத்துவதன் உண்மையான பொருள் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

முதல் வேலை, பிடிப்பது. ஊசி நூலோடு இறங்கித் தன் பயணத்தின் அடிப்புள்ளியைத் தொட்டபின் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் மேலேறுகிறது. அந்தச் சிறு ஏற்றத்தின்போது நூல் பொருளின் உராய்வில் சிக்கி, ஊசியோடு சேர்ந்து ஏற முடியாமல், ஊசிக்கண்ணருகே ஒரு வளையமாகப் புடைக்கிறது. கீழே சுழலும் ஹூக்கின் கூர்முனை அந்த வளையத்தைக் கவ்விக்கொண்டுபோய்ப் பாபினைச் சுற்றிவருகிறது. இது நடக்கவேண்டுமானால் பொருள் அசையாமல் கிடக்க வேண்டும். ஊசியோடு ஒட்டிக்கொண்டு பொருளும் 1 மில்லிமீட்டர் எழும்பிவிட்டால் வளையம் பாதியாகச் சிறுத்துவிடும், ஹூக்கின் முனை வெறுமனே கடந்துபோகும், ஒரு தையல் விட்டுப்போகும். இரண்டாவது வேலை, விடுவது. ஊசி வெளியேறியதும் ஊசித் தட்டுக்குக் கீழேயிருந்து பல் மேலெழுந்து, பொருளைக் கவ்வி, ஒரு தையல் நீளத்துக்குப் பின்னால் தள்ளுகிறது. பாதம் மேலிருந்து அழுத்தாவிட்டால் பல்லுக்குப் பிடி கிடைக்காது. ஆனால் அழுத்துகிற அதே பாதத்தின் அடிப்பரப்பு, நகர்கிற பொருளின் மேற்பரப்பைப் பிடித்து நிறுத்திவிடவும் கூடாது. வினாடிக்குப் பல முறை இந்தப் பிடிப்பும் விடுப்பும் மாறி மாறி நடக்கின்றன. பாதமோ ஒரே சுருள்வில்லின் அழுத்தத்தில், இரண்டுக்கும் ஒரே முகத்தோடு நிற்கிறது.

தோலிடம் இந்த ஏற்பாடு ஏன் செல்லுபடியாவதில்லை? தோல் நெய்யப்பட்டதல்ல. கொலாஜன் இழைகள் முப்பரிமாணத்தில் பின்னிக் கிடக்கும் ஒரு தாள் அது. மேல்முகத்தில் நெருக்கமாகவும் நுண்மையாகவும், சதைப் பக்கம் வரவரத் தடித்தும் தளர்ந்தும் இருக்கும். துணியில் ஊசி இறங்கும்போது நூல்கள் ஒதுங்கி வழிவிட்டுப் பிறகு பழைய இடத்துக்குத் திரும்புகின்றன. தோலில் இழைகள் நசுங்குகின்றன அல்லது வெட்டுப்படுகின்றன. போட்ட துளை போட்டதுதான். 110 எண் ஊசியின் விட்டம் 1.1 மில்லிமீட்டர். தையல் நீளம் 4 மில்லிமீட்டர் என்றால் தையல் கோட்டில் அதிகபட்சம் 27.5 விழுக்காடு துளையாகிறது, மிச்சம் தோல். பாதத்தின் இழுப்பால் தையல் 2 மில்லிமீட்டராகச் சுருங்கிவிட்டால் அது 55 விழுக்காடு. தபால்தலை ஓரத்தைப் போல அந்தக் கோட்டில் கிழியக் காத்திருக்கும் ஒரு பண்டத்தை நாம் செய்துவைத்திருப்போம். இன்னொன்று, சட்டைத் துணியில் மேலடுக்கு சற்றுப் பின்தங்கினால் தைப்பவர் விரலால் இழுத்துக் கொடுத்துச் சரிக்கட்டிவிடலாம். பருத்தித் துணிக்கு உள்ள அந்த இணக்கம் 1.5 மில்லிமீட்டர் தடிப்புள்ள தோலுக்கு இல்லை. 300 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு பையின் பக்கத்தில் வெறும் 2 விழுக்காடு வழுக்கல் என்றாலும் முடிவில் மூலை 6 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். பிரித்துத் தைக்கலாம் என்றால் பழைய துளைகள் சாட்சி சொல்லும்.

பாதம் என்ற உறுப்பு எந்திரத் தையலில் பிறவியிலேயே இருந்ததும் அல்ல. இங்கிலாந்தில் தாமஸ் செயிண்ட் 1790இல் காப்புரிமை பெற்ற தையல் எந்திரம் காலணி முதலான தோல் வேலைக்காகச் சிந்திக்கப்பட்டது. அதில் முதலில் ஒரு குத்தூசி துளை போட, பிறகு வேறோர் ஊசி நூலை உள்ளே தள்ளும். பசை, வார்னிஷ் பற்றிய விவரங்களோடு கலந்து கிடந்த அந்தக் காப்புரிமை 1870களில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. துளையிடுவது ஒரு வேலை, நூல் கோப்பது வேறு வேலை என்று தோல் தைக்கிறவர் கையில் இருந்த பிரிவினையை செயிண்ட் தன் எந்திரத்திலும் வைத்திருந்தார் என்பது கவனிக்கத்தக்கது. அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846இல் காப்புரிமை பெற்ற எந்திரத்தில் துணி ஒரு தகட்டின் முள்களில் செங்குத்தாகத் தொங்கியது. தகடு நகர்ந்தது, துணியும் கூடவே போனது. தகட்டின் நீளம் தீர்ந்ததும் துணியைக் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும். 1851இல் ஐசக் சிங்கர் கிடைமட்ட மேசையையும், மேலும் கீழும் போகும் ஊசியையும், மேலிருந்து வில்லால் அழுத்தும் பாதத்தையும் ஒன்றுசேர்த்தார். 1854இல் ஆலன் வில்சனின் நான்கசைவுப் பல் வந்தது. எழுந்து, தள்ளி, இறங்கி, திரும்பும் அந்தப் பல்லும் மேலே நிற்கும் பாதமும் சேர்ந்த ஜோடிதான் இன்றும் வீட்டு எந்திரத்தில் இருப்பது. துணிக்காகக் கண்டுபிடிக்கப்பட்ட மிக அழகான தீர்வு அது. அதன் அழகே, அது துணிக்கானது என்பதை மறக்கடித்துவிட்டது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. இரண்டு தோல் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைக்கிறோம். கீழ்த் துண்டைப் பல் பிடித்து நகர்த்துகிறது. மேல் துண்டைக் கூட்டிப்போவது இரண்டு துண்டுகளுக்கும் இடையிலான உராய்வு. அதைப் பின்னுக்கு இழுப்பது பாதத்துக்கும் மேல் துண்டுக்கும் இடையிலான உராய்வு. உராய்வு விசை என்பது உராய்வுக் குணகத்தை அழுத்த விசையால் பெருக்கக் கிடைப்பது. இரண்டு இடத்திலும் அழுத்த விசை ஏறக்குறைய ஒன்றே, ஏனென்றால் இரண்டும் ஒரே வில்லின் கீழ் இருக்கின்றன. ஆகவே சமன்பாட்டின் இருபுறமும் அது அடிபட்டுப் போகிறது. மேல் துண்டு கூடவே வருமா வராதா என்பதைத் தீர்மானிப்பது அழுத்தம் அல்ல. தோலுக்கும் தோலுக்கும் உள்ள குணகம் பெரிதா, பாதத்துக்கும் தோலுக்கும் உள்ள குணகம் பெரிதா என்பதே. வழுக்கல் கண்டதும் முதல் காரியமாக அழுத்தத் திருகை முடுக்கும் வழக்கம் ஏன் பலிப்பதில்லை என்பதற்கு இந்த ஒரு வரிக் கணக்கே போதுமான விளக்கம்.

இதற்கு உடனே வரக்கூடிய மறுப்பு, திருகை முடுக்கினால் தையல் சீராவதைப் பலரும் கண்ணால் பார்த்திருக்கிறார்களே என்பது. பார்த்திருப்பது உண்மைதான். ஆனால் அப்போது சீராவது பெரும்பாலும் முதல் வேலை, அதாவது பிடிப்பு. தோல் ஊசியோடு எழும்புவது நின்று, விட்டுப்போன தையல்கள் திரும்பக் கிடைக்கின்றன. அதே முடுக்கலில் இரண்டாவது வேலை கெடுவதும் உண்டு. அது மூன்றடி தள்ளி, மூலையில், வேறு நோய்போலத் தெரிய வருகிறது. கணக்கிலும் ஒரு திருத்தம் தேவை. உராய்வு அழுத்தத்துக்கு நேர்விகிதம் என்பது உலர்ந்த, கடினமான பரப்புகளுக்கு நன்றாகப் பொருந்தும் விதி. பதனிட்ட தோலின் மேல் பூசப்பட்டிருக்கும் அக்ரிலிக் அல்லது பாலியூரித்தேன் படலம் மென்மையானது. பளபளக்கும் உலோகத்தோடு நெருங்க நெருங்க உண்மையான தொடுபரப்பு கூடி, வெறும் உராய்வோடு ஒட்டலும் சேர்ந்துகொள்கிறது. கண்ணாடிபோல் மின்னும் பேட்டன்ட் தோல் எஃகுப் பாதத்தின் கீழ் நகர மறுப்பது இதனால்தான். அப்படியானால் அழுத்தமே வேண்டாமா என்றால், வேண்டும். பல் நகர்த்தவேண்டியது பாதத்தின் இழுப்பை மட்டுமல்ல, மேசையின் விளிம்பிலிருந்து தொங்கும் பையின் எடையையும் தைப்பவரின் கை இழுப்பையும் சேர்த்துத்தான். அந்த இழுப்புகள் வில்லுக்குக் கட்டுப்பட்டவை அல்ல என்பதால் அவற்றை வெல்ல ஒரு குறைந்தபட்ச அழுத்தம் இருந்தே ஆக வேண்டும். பெரிய பைகளைத் தைக்குமிடத்தில் மேசையை அகலப்படுத்துவது அழுத்தத்தைக் கூட்டுவதைவிட நல்ல வைத்தியம்.

டெஃப்லான் பாதத்தை இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால் அதன் பலமும் எல்லையும் ஒருங்கே தெரிகின்றன. 1938இல் டூபாண்ட் நிறுவனத்தில் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டெடுத்த அந்தப் பொருளின் உராய்வுக் குணகம் மிகக் குறைவு, 0.1ஐ ஒட்டியோ அதற்கும் கீழேயோதான் இருக்கும். ஆகவே பின்னுக்கு இழுக்கும் விசை சட்டென்று குறைகிறது, மேல் துண்டு கூடவே வருகிறது. மெல்லிய ஆட்டுத் தோலில் ஜாக்கெட்டோ கைப்பையின் உள்ளறையோ தைப்பதற்குச் சாதாரணப் பல் எந்திரத்தில் இது போதும். ஆனால் பாதத்தின் சுமையைக் குறைத்தோமே தவிர, பல்லின் சுமை அப்படியே இருக்கிறது. கீழ்ப்பக்கத் தோலில் பல்லின் தடம் பதியும். தடம் பதியாமலிருக்கப் பல்லை மழமழப்பாக்கினால் பிடி குறையும். டெஃப்லான் மென்மையானது என்பதால் ஜிப்பின் உலோகப் பற்களில் இரண்டு நாள் உரசினாலே கீறல் விழுந்து, விளிம்பு மழுங்கிவிடும். தடித்த தோலில் அடுக்கு கூடக்கூட ஊசி ஏறும்போது இழுக்கும் விசை கூடுகிறது. அதை அமுக்க வில்லை முடுக்கவேண்டி வரும்போது டெஃப்லான் கொடுத்த லாபத்தில் ஒரு பகுதி கைவிட்டுப் போகிறது. ஒரு வேலையை மட்டும் எளிதாக்கும் பாதம் எங்கே நின்றுவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது.

முரணை நேருக்கு நேர் சந்தித்த தீர்வு வாக்கிங் ஃபுட். பாதத்தையே இரண்டாகப் பிளந்துவிட்டார்கள். உள்பாதம் ஊசியை ஒட்டி நிற்கும். வெளிப்பாதம் அதைச் சுற்றி அல்லது அதன் பின்னால் இரு விரல்களாக நிற்கும். ஊசி இறங்கும்போது உள்பாதம் தோலை அமுக்கியிருக்கிறது. ஊசி, உள்பாதம், பல் மூன்றும் சேர்ந்து ஒரே வேகத்தில் பின்னால் நகர்கின்றன. நகரும் நேரத்தில் வெளிப்பாதம் தூக்கப்பட்டிருக்கிறது. ஊசி மேலேறி வளையம் போடும் கணம் வரை உள்பாதம் விடுவதில்லை. வளையம் பிடிபட்டபின் வெளிப்பாதம் இறங்கித் தோலை நிறுத்திவைக்க, உள்பாதம் எழுந்து அடுத்த அடிக்கு முன்னே போகிறது. இப்படி மூன்றும் கூடி நகர்த்தும் அமைப்பைக் காம்பவுண்ட் ஃபீட் என்பார்கள். நகரும்போது தோலின் மேல் வழுக்கிக்கொண்டிருக்கும் பரப்பு எதுவுமே இல்லை என்பதுதான் இதன் சூட்சுமம். மேலே போட்ட கணக்கு தீர்க்கப்படவில்லை, இல்லாமலாக்கப்பட்டுவிட்டது. அதோடு ஊசி எல்லா அடுக்குகளையும் குத்திக் கோத்தபடி நகர்வதால் அடுக்குகளுக்கிடையே வழுக்கலுக்கு வாய்ப்பே அற்றுப்போகிறது. சிங்கர் 111 வரிசையில் தொடங்கி, 9 மில்லிமீட்டர் வரை தையல் நீளம் தரும் ஜூகி டிஎன்யூ-1541 வரை, பை, சோஃபா, கார் இருக்கை தைக்கும் எந்திரங்கள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

ஆனால் சுமை எங்கே போனது என்று கேட்க வேண்டும். ஒரு பங்கு ஊசிக்குப் போயிருக்கிறது. சாதாரண எந்திரத்தில் ஊசி குத்துவதோடு சரி. இங்கே அது வண்டி இழுக்கவும் வேண்டும். பக்கவாட்டில் வளைக்க முயலும் விசைக்கு ஒரு வட்டக் கம்பி காட்டும் எதிர்ப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 110 எண் ஊசிக்குப் பதில் 160 எண் ஊசி போட்டால் விறைப்பு ஏறத்தாழ நாலரை மடங்காகிறது. தடித்த தோலுக்குத் தடித்த ஊசி என்ற பட்டறை விதி நூலின் தடிமனுக்காக மட்டும் பிறந்ததல்ல. இன்னொரு பங்கு கீழே போயிருக்கிறது. ஊசி நகர்கிறதென்றால் அது இறங்கும் துளையும் கூடவே நகர வேண்டும். அதனால்தான் இந்த எந்திரங்களில் துளை ஊசித் தட்டில் இல்லாமல் பல்லின் நடுவிலேயே இருக்கிறது. ஆகவே 160 ஊசியைப் போடுகிறவர் பல்லின் துளை அதற்கு இடம் தருகிறதா, உள்பாதத்தின் துளை இடம் தருகிறதா என்று இரண்டையும் பார்த்தாக வேண்டும். துளை சிறிதென்றால் ஊசி உரசும், நூல் பிசிறடிக்கும். தேவைக்கு மேல் பெரிதென்றால் ஊசி இறங்கும்போது தோலும் துளைக்குள் குழிந்து, ஏறும்போது எழும்பி, முதல் வேலையே கெட்டுவிடும்.

சிறப்புப் பாதங்களைப் பொருத்துவதில் தொல்லைகள் முளைப்பது இந்த இடத்தில்தான். தண்டின் உயரம் பார்ப்பது எளிது. வீட்டு எந்திரங்களின் தாழ்ந்த தண்டில் பாதத்தின் அடியிலிருந்து திருகு வரை முக்கால் அங்குலத்துக்குள் இருக்கும். தொழிற்கூட எந்திரத்தின் உயர்ந்த தண்டில் ஓர் அங்குலத்துக்கு மேல். இடையில் ஒரு மாற்றுத் துண்டு வைத்துக்கூட இதைச் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது அசைவு. சாதாரணப் பல் எந்திரத்துக்கான பாதத்தில் ஊசிக்கு ஒரு சிறு வட்டத் துளை போதும், ஏனென்றால் அங்கே ஊசி முன்பின் நகராது. அதே பாதத்தை ஊசி நகரும் எந்திரத்தில் மாட்டினால், தையல் நீளம் சுழியத்தில் இருக்கும்வரை எல்லாம் சரியாகத் தெரியும். 5 மில்லிமீட்டருக்குத் திருப்பிய மறு நொடி ஊசி இரும்பில் மோதி உடையும். வாக்கிங் ஃபுட் ஜோடிகளிலோ சிக்கல் இன்னும் நுட்பமானது. புதிதாக வாங்கிய உள்பாதத்தின் நீளம் பழையதைவிட 1 மில்லிமீட்டர் குறைவு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பாதங்களும் சம உயரம் எழும்படி வைத்திருந்த சமநிலை குலைந்து, உள்பாதம் கூடுதலாகவும் வெளிப்பாதம் குறைவாகவும் எழும். தட்டையான இடத்தில் ஒன்றும் தெரியாது. இரண்டடுக்கிலிருந்து நான்கடுக்குக்கு ஏறும் விளிம்பில் வெளிப்பாதம் தட்டி நிற்கும், அங்கே தையல் குறுகும். குற்றவாளி பாதத்தின் வடிவமல்ல, அதற்குப் பிறகு எழும்பும் உயரத்தைத் திருத்தாமல் விட்டதே. கித்தானுக்காகச் செய்த ஜோடிகளில் அடியில் வரிப்பற்கள் வெட்டியிருக்கும். திருச்சி, திண்டுக்கல் பக்கத்துத் தாவரப் பதனீட்டுத் தோலில் அவற்றை ஓட்டினால் தையலுக்கிணையாக ஒரு தடவரிசையும் இலவசமாகக் கிடைக்கும். குரோம் பதனிட்ட தோல் ஓரளவு மீண்டெழும். பட்டையில் பதனிட்ட தோல் வாங்கிய அழுத்தத்தை மறப்பதில்லை.

பைப்பிங் பாதத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 4 மில்லிமீட்டர் கயிற்றைத் தோலில் சுற்றி இரு துண்டுகளுக்கிடையே வைத்தால் புடைப்பு மேலும் கீழும் இருக்கும். மேலே பள்ளமிட்ட பாதத்தை மட்டும் மாட்டிவிட்டு, கீழே தட்டையான பல்லையே விட்டுவைத்தால் பண்டம் ஒருபுறமாகச் சாய்ந்துகொண்டுதான் ஓடும். மெல்லிய தோலில் இதைக் கையால் தாங்கிச் சமாளிக்கலாம். தடித்த தோலில் பல்லுக்கும் தட்டுக்கும் பொருத்தமான பள்ளம் வேண்டும், அதாவது வாங்கவேண்டியது பாதம் அல்ல, ஒரு செட்.

ரோலர் ஃபுட் வேறொரு தத்துவம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்து ஷூ தொழிற்சாலைகளில் அப்பர் எனப்படும் மேல்பாகத்தைத் தைக்கும் பகுதியில் தூண்போல் எழும்பி நிற்கும் போஸ்ட் பெட் எந்திரங்களின் தலையில் இருப்பது இந்தச் சிறு சக்கரம்தான். அங்கே தைக்கப்படுவது நேர்கோடு அல்ல. முன்பகுதியின் வளைவு, கண்துளைப் பட்டியின் வளைவு, குதிகாலின் வளைவு. வளைவில் தோலை ஊசியை மையமாக வைத்துத் திருப்ப வேண்டும். தட்டைப் பாதம் அந்தத் திருப்பலை எதிர்க்கிறது. எதிர்க்கும் முறுக்கு, உராய்வு விசையை ஊசியிலிருந்து தொடுபரப்பின் சராசரித் தூரத்தால் பெருக்கக் கிடைப்பது. ஊசிக்கு இருபுறமும் நீண்டு மொத்தம் 25 மில்லிமீட்டர் இருக்கும் பாதத்தில் அந்தச் சராசரித் தூரம் 6 மில்லிமீட்டருக்கு மேல். ஊசியை உரசி நிற்கும் சக்கரத்தின் தொடுபரப்போ ஒரு சிறு கீற்றுத்தான். கை உணரும் எதிர்ப்பு பாதிக்கும் கீழே போய்விடும். நகரும் திசையிலோ சக்கரம் வழுக்குவதில்லை, உருள்கிறது. பாஃப் 591 போன்ற எந்திரங்களில் கீழ்ச் சக்கரம், ஊசி, மேல் ரோலர் மூன்றுமே இயக்கப்படுவதால் மேல் துண்டு பின்தங்க இடமே இல்லை.

இந்த அழகைப் பார்த்துவிட்டு, சாதாரணத் தட்டைப் படுகை எந்திரத்தில் ஒரு ரோலர் ஃபுட்டை மாட்டினால் அதே பலன் கிடைக்குமா என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது. பாதிப் பலன் கிடைக்கும். மாட்டிய மாத்திரத்தில் மாறிப்போகும் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். வில்லைத் தொடாமலேயே அழுத்தம் எகிறிவிடுகிறது. வில்லின் விசை 40 நியூட்டன், பழைய பாதத்தின் அடிப்பரப்பு 150 சதுர மில்லிமீட்டர் என்று கொண்டால் சதுர மில்லிமீட்டருக்குக் கால் நியூட்டனுக்குச் சற்று மேல். அதே விசை 20 சதுர மில்லிமீட்டர் கீற்றில் இறங்கினால் 2 நியூட்டன். வில்லைத் தளர்த்தாமல் ஓட்டினால் மெல்லிய தோலில் தண்டவாளம்போல ஒரு பள்ளம் விழும். அடுத்தது படியேற்றம். 1.5 மில்லிமீட்டர் தடிப்புள்ள துண்டின் விளிம்பில் 25 மில்லிமீட்டர் விட்டச் சக்கரம் ஏறக் கிட்டத்தட்ட அழுத்த விசையில் பாதி அளவுக்குக் கிடைமட்ட உந்துதல் வேண்டும். 12 மில்லிமீட்டர் விட்டமென்றால் பத்தில் ஒன்பது பங்கு, அதாவது ஏறத்தாழ 90 விழுக்காடு. தோல் நசுங்குவதால் நடைமுறையில் இது குறையும், ஆனாலும் சின்னச் சக்கரம் தடுக்கி நிற்பதும் அங்கே இரண்டு மூன்று தையல் நெருங்கிவிடுவதும் தற்செயல் அல்ல. விளிம்பை முன்கூட்டியே ஸ்கைவிங் செய்து சரிவாக்கிவிடுவது ரோலருக்காகப் போடும் சாலை. மூன்றாவது, முதல் வேலையைப் பற்றியது. சக்கரம் ஊசியின் ஒருபுறம் மட்டுமே நிற்கிறது. மறுபுறம் தோல் எழும்ப வழியிருக்கிறது. போஸ்ட் பெட் எந்திரத்தில் ஒட்டிய அடுக்குகளும் நெருக்கமான துளையும் இந்தக் குறையை ஈடுகட்டுகின்றன. மாற்றிப் பொருத்துகிறவர் சக்கரத்தை ஊசிக்கு எவ்வளவு நெருக்கமாகக் கொண்டுவர முடியுமோ அவ்வளவு கொண்டுவந்து, ஊசித் தட்டையும் சிறு துளையுள்ளதாக மாற்றினால்தான் தையல் விடாது.

தடிப்பைச் சரிக்கட்ட வில் வைத்த காம்பன்சேட்டிங் பாதமும் இப்படித்தான் எண்ணப்பட வேண்டும். அதன் இரு விரல்களும் தனித்தனியே ஏறி இறங்குவதால் விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் தள்ளி ஓடும் மேல்தையல் அச்சுப்போல் வரும், ஆனால் மேட்டின் மேலும் பள்ளத்திலும் அழுத்தம் ஒன்றல்ல. இந்த வரிசையின் மறுகோடியில் நிற்பது சிங்கர் 29 வரிசைப் பேட்ச் எந்திரம். அதில் கீழே பல்லே கிடையாது. பாதமே பொருளைக் கவ்வி நகர்த்துகிறது, 360 பாகையும் சுழன்று எந்தத் திசையிலும் தைக்கிறது. செருப்பின் உள்மூலைக்குள் போக அதைப்போல் வேறொன்று இல்லை. விலையாக மேல்முகத்தில் பற்தடம் விழுகிறது, தையல் நீளமும் கொஞ்சம் முன்பின் இருக்கும். பழுதுபார்க்கும் வேலையில் அதை யாரும் குறையாக எண்ணுவதில்லை.

இவ்வளவு கணக்கும் எதற்கு, நல்ல மெக்கானிக் கல்லில் நாலு உரசு உரசிப் பொருத்திவிடுகிறாரே என்று கேட்கலாம். கேட்பது நியாயம். ஆனால் அவர் எங்கே உரசுகிறார் என்று பார்த்தால் அது இந்த வாதத்துக்கு எதிரான சாட்சி அல்ல, ஆதரவான சாட்சி. பாதத்தின் முன்மூக்கைத் தூக்கி வளைக்கிறார், அது படியேற்றத்துக்கு. ஊசித் துளையை நீளவாக்கில் அரைக்கிறார். அது ஊசியின் பயணத்துக்கு. அடிப்பரப்பைக் கண்ணாடிபோல் மெருகேற்றுகிறார். பாதிப் பாதத்தை வெட்டியே எறிகிறார். பிறகு குனிந்து பல்லின் உயரத்தையும் திருத்துகிறார். பாதத்தை மட்டும் தொட்டு நிறுத்திக்கொள்ளும் மெக்கானிக் அரிது. அவரது முறையில் ஒரு ஆபத்து உண்டு. பல பாதங்களில் மேற்பரப்பு மட்டுமே கடினமாக்கப்பட்டிருக்கும். அந்தக் கடினப் பரப்பை அரைத்துவிட்டால் உள்ளே இருக்கும் மெல்லிரும்பு நூலிலும் தோலிலும் உரசிச் சீக்கிரம் வரிகொள்ளும். அரைத்த இடம் நூல் ஓடும் பாதையாக இருந்தால் இரண்டே வாரத்தில் நூல் அறுபடத் தொடங்கும். எதிர்த்திசையிலிருந்து வரும் மறுப்பு, ஒவ்வொரு வேலைக்கும் அதற்கான எந்திரத்தையே வாங்கிவிடலாமே என்பது. வசதியுள்ள தொழிற்சாலைக்கு அது சரி. ஒவ்வொரு பருவத்துக்கும் மாடல் மாறும் தொழிலில், ஒரு மாடலின் ஒரு தையலுக்காக ஒரு எந்திரம் என்பது கட்டுபடியாகாது. எந்திரம் எவ்வளவு பொருத்தமானதானாலும் அதற்குள்ளும் பாதம், பல், தட்டு என்ற தேர்வு காத்திருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் ஒரு எல்லையை ஒப்புக்கொள்ள வேண்டும். துணி தைக்கும் சாதாரண எந்திரத்தில் மாட்டும் வாக்கிங் ஃபுட் இணைப்புகள் தங்கள் இயக்கத்தை ஊசிக் கம்பியின் ஏற்ற இறக்கத்திலிருந்து கடன் வாங்குகின்றன. ஊசியோ முன்பின் நகர்வதில்லை. மெல்லிய தோலுக்கு அது உதவலாம். 5 மில்லிமீட்டர் பெல்ட்டுக்கு அதை நம்புவது வீண்.

கடைசியாக, கணினி எந்திரங்கள் பாதத்தையே பழங்கதையாக்கிவிட்டன என்ற வாதம். ஜூகி ஏஎம்எஸ்-210 போன்ற எந்திரங்களில் தோல் துண்டுகளை ஒரு சட்டத்தில் இறுக்கி வைக்கிறார்கள். ஊசி ஒரே இடத்தில் குத்துகிறது. சட்டம் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் நகர்ந்து வடிவத்தைத் தைத்து முடிக்கிறது. பல் இல்லை. நகர்த்தும் வேலை முழுவதும் சட்டத்தின் பொறுப்பாகிவிட்டது. ஆனால் ஊசியைச் சுற்றிப் பார்த்தால் ஒரு சிறு குழாய்போன்ற இடைப்பாதம் ஊசியோடு சேர்ந்து ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அது எதையும் நகர்த்துவதில்லை, எதன்மேலும் வழுக்குவதில்லை. ஊசி ஏறும் அந்த 2 மில்லிமீட்டரில் தோல் கூடவே எழும்பாமல் அமுக்கிவைப்பது ஒன்றே அதன் பணி. இரண்டு வேலைகளில் ஒன்றை முழுதாகப் பறித்துக்கொண்டபின்னும் மற்றொன்றை எடுத்துவிட முடியவில்லை. இரண்டும் வெவ்வேறானவை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை. இடைப்பாதம் எவ்வளவு கீழே இறங்க வேண்டும் என்பது தோலின் தடிப்பைப் பொறுத்தது. அந்த உயரத்தைத் தையலின் இடையிலேயே நிரலில் மாற்றும் வசதியும் வந்துவிட்டது. ஓரடுக்கில் ஒரு உயரம், மூன்றடுக்கு சேருமிடத்தில் வேறு உயரம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம். ஒரே மாட்டுத் தோலில் முதுகுப் பகுதி இறுக்கமாகவும் வயிற்றுப் பகுதி தளர்ந்தும் இருப்பது மட்டும் நிரலுக்குத் தெரியாது. அதை வெட்டும் மேசையிலேயே கைவைத்துப் பார்த்துப் பிரித்து அனுப்ப வேண்டியிருக்கிறது.